கார்த்திகையில் தொண்ணூற்றொன்பது

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நாற்பத்திரண்டு காற்றாலைகள்.
ஒரு திரை, ஒரு எக்செல் தாள், நான்.

தொண்ணூற்றெட்டுப் புள்ளி இரண்டு.
இயங்கத் தயாராய் இருந்த நேரம், சதவீதத்தில்.
ஆடி மாதக் கணக்கு.
கோயம்புத்தூர் தலைமையகத்திலிருந்து கேக் வந்தது,
மேலே பச்சைக் கிரீமில் எங்கள் எண்,
புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு செர்ரி.

அடுத்த வாரம் மீட்டர் கணக்கு வந்தது.
போன ஆடியைவிட யூனிட் குறைவு.
காற்று குறையவில்லை. தோவாளையில்
கல்யாணப் பந்தல் ஒன்று பறந்ததை நானே பார்த்தேன்.

இரவு உட்கார்ந்து பிரித்தேன்.
நின்ற மணிகள் கொஞ்சம்தான்,
ஆனால் எல்லாமே காற்று ஓங்கிய மணிகள்.
கார்த்திகையில் காற்றில்லாமல் தூங்கும் ஒரு மணியும்
ஆடியில் இறக்கை திறக்காமல் கோட்டைவிட்ட ஒரு மணியும்
என் தாளில் ஒரே எடை.
கட்டத்தை அப்படி வகுத்தது யாரோ அல்ல.
மூன்று வருடம் முன்பு, நான்.

இருபத்தேழாம் நம்பரின் பதிவு:
பிச் மோட்டார் கோளாறு, ரீசெட், இருபத்தாறு நிமிடம், முடிந்தது.
அதே நாள் மதியம், அதே வரி.
ஒரு வாரத்தில் பதினொரு முறை.
பதினொரு டிக்கெட், பதினொரு பச்சை.
முப்பது நிமிடத்துக்குள் முடிக்கும் குழுக்களில்
ஆன்றோ ரெஞ்சித்தின் குழுதான் முதலிடம்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்:
"மேடம், ஏணி எம்பது மீட்டர்.
ஏறவே இருவத்தஞ்சு நிமிசம்.
முப்பதுன்னு நீங்க எழுதி வச்சா
நான் கீழ நின்னுதான் பட்டன அமுக்குவேன்.
மோட்டார மாத்த ஏறினா நாலு மணிக்கூர்,
ஒங்க தாளுல நான் செவப்பு.
பிள்ளைக்கு ஃபீஸ் கெட்டாண்டாமா?"

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.
முப்பதை அழித்தேன்.

புதிதாக இரண்டு வைத்தோம், சண்டை போட்டு.
வீசிய காற்றில் எவ்வளவு மின்சாரமாகாமல் போனது.
சரிசெய்த கோளாறு பதினைந்து நாளுக்குள் திரும்பி வந்ததா.
மூன்றாவதைச் சேர்த்தது ஸ்டோர்ஸ் ஜெஸ்லின்:
கேட்ட உதிரிபாகம் எத்தனையாம் நாள் கைக்கு வந்தது.
"எங்களையும் அளங்க. பழியெல்லாம்
ஏறுகவன் தலையிலயா?"

ஆவணியில் தாள் சிவந்தது.
கோயம்புத்தூர் அழைத்தது: என்ன ஆச்சு அங்கே?
"ஒன்றும் ஆகவில்லை சார், இப்போதுதான்
பார்க்க ஆரம்பித்திருக்கிறோம்" என்றேன்.
சொன்ன தொனி எனக்கே பிடிக்கவில்லை.

புரட்டாசியில் தாணுவன்
டிக்கெட் போடாமலே ரீசெட் செய்திருக்கிறான்.
பதிவில் இல்லாத கோளாறு திரும்பி வராதே.
இயந்திரத்தின் சொந்தப் பதிவேடு காட்டிக்கொடுத்தது.
திட்டத்தான் போனேன்.
அன்றைய காற்றையும் பார்த்துவிட்டுப் போனது நல்லதாயிற்று:
மேலே விநாடிக்குப் பதினெட்டு மீட்டர்.
அதில் ஏறக்கூடாது என்பது எங்கள் விதி,
கீழே என் கையெழுத்து.
ஏற வேண்டியது பங்குனியில், காற்று எழும்புமுன்.
பங்குனியில் ஆள் கேட்டார்கள்.
நான் ஆள் கேட்டு மேலே எழுதவில்லை.

அதற்கும் ஒரு கட்டம் போட்டேன்:
சித்திரை பிறக்கும்போது மிச்சமிருக்கும் வேலைகள்.
பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர்.

இப்போது கார்த்திகை.
தாடகை மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கிறது.
இறக்கைகளில் மழை வழிகிறது, அவ்வளவுதான்.
ஒப்பந்தத்துக்காகப் பழைய கணக்கும்
தாளின் ஓரத்தில் இன்னும் ஓடுகிறது:
தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு.

ரெஞ்சித் எட்டிப் பார்த்தான்.
"கேக் வருமா மேடம்?"

குறிப்புப் பத்தியில் தட்டினேன்: காற்று இல்லை.
பிறகு ஜெஸ்லினுக்குப் போன் போட்டேன்,
இருபத்தேழின் மோட்டார் வந்ததா என்று.
வரவில்லை. இன்று நூற்றிரண்டாம் நாள்.